தலை குனிந்து செல்லவும்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டை. உட்கார்ந்ததுமே கவனித்தேன். நீங்கள் கேள்வி கேட்கும்போது நான் நடுங்குவதாக நினைத்துக்கொள்ளாதீர்கள் அம்மா, ஆடுவது நாற்காலிதான். மெல்லிய தக்கை ஒன்றை அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். நீங்கள் அமர்ந்திருக்கும் மேடை ஆடாது. அது என் பட்டறையில் செய்தது. விசாரணைக் குழு உட்கார ஒரு மேடை வேண்டும் என்றார்கள், அவசரமாகச் செய்து கொடுத்தேன். விசாரிக்கப்படப் போகிறவன் நான்தான் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் இதே பலகையைத்தான் போட்டிருப்பேன்.

மலை முகாமில் நடந்ததில் என் பங்கு என்ன என்று கேட்கிறீர்கள். புகார் கொடுத்தது என் மகள் என்பதும் எனக்குத் தெரியும். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் எப்போதும் எதையும் அவசரப்பட்டு முடிவு செய்கிறவள்தான்.

என் தொழில் மேடை போடுவது. கல்யாண மண்டபங்களில் தொடங்கினேன். ஒருநாள் ஒரு கல்யாணத்துக்குத் தலைவர் வந்தார். அப்போது அவர் தலைவர் ஆகவில்லை, கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கிற ஆள். மணமகனும் மணமகளும் பனைமரம் மாதிரி இருந்தார்கள். புகைப்படக்காரர் எந்தப் பக்கம் போய் நின்றாலும் தலைவர் அவர்களுடைய பிள்ளை மாதிரித் தெரிந்தார். நான் யாரும் கேட்காமலே ஒரு பலகையைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளி, "இங்க நில்லுங்க ஐயா" என்றேன். படத்தில் அவர் தோளும் மாப்பிள்ளைத் தோளும் ஒரே மட்டத்தில் வந்தன. மறுநாள் என் பட்டறை வாசலில் கார் வந்து நின்றது. "நேத்து பலகை வச்சது யாரு?" என்று மட்டும் கேட்டார்கள்.

அன்றிலிருந்து நான் அவர் வீட்டு மேஸ்திரி. தலைவரைக் குள்ளமானவர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாருமே சொல்வதில்லை. சமையல்காரர் குட்டையான பாத்திரத்தைக்கூட 'அகலமான பாத்திரம்' என்பார். எங்கள் வேலை, சுற்றியிருப்பதைச் சரிசெய்வது. வருகிறவர்கள் உட்காரும் சோபாவில் பஞ்சைக் குறைத்தேன், உட்கார்ந்ததும் புதைந்துபோவார்கள். ஜன்னல்களைத் தாழ்த்தினேன். வாசல் நிலைகளைத் தாழ்த்தினேன். தளபதி நெடுநெடுவென்று இருப்பார். அவரை என்னால் தாழ்த்த முடியவில்லை, அவரே தாழ்த்திக்கொண்டார். தலைவர் முன்னால் முழங்காலை லேசாக மடக்கி நின்று நின்று, அவர் கால்சட்டையின் முட்டிப் பகுதி மட்டும் புடைத்துப்போயிருக்கும். நாட்டுப்பற்று என்பது இதுதான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

போர் இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. தேர்தல் வந்தது. ஒரு படைப்பிரிவைப் போர்முனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வருவது என்றும், தலைவர் ஒவ்வொரு வீரராகக் கைகுலுக்குவதைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுவது என்றும் செயலாளர் முடிவு செய்தார். அவர் பேச்சு அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்பதால் வேலைக்காரர்களுக்குள் அவருக்குச் 'சர்க்கரை' என்று பெயர். அவர் என்னைத் தேடிப் பட்டறைக்கே வந்தார்.

"மேஸ்திரி, தலைவர் நடந்துகிட்டே கை குலுக்கணும். முடியுமா?"

"நிக்க வச்சா முடியும் சார். நடக்க வச்சா பலகையும் கூடவே நடக்கணுமே."

"சக்கரம் வச்சா?"

"போன தடவை வச்சுப் பாத்தோமே சார். திரும்புற இடத்துல வரிசை திரும்பிடுச்சு, தலைவர் மட்டும் நேரா போயிட்டார்."

சர்க்கரை பெருமூச்சு விட்டார். போன வருட அணிவகுப்புப் படம் இரண்டு பேருக்கும் நினைவுக்கு வந்தது. தலைவர் ஒரு வீரருக்குப் பதக்கம் குத்துகிறார். நுனிக்காலில் நின்று, கையை உயர்த்தி, மேல் அலமாரியிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுக்கிற மாதிரி. எதிர்க்கட்சிக்காரர்கள் அந்தப் படத்தைச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். அதற்குக் கீழே எதுவும் எழுதவில்லை. எழுதத் தேவை இருக்கவில்லை.

"தலைவரை உசத்த முடியலன்னா சார்…" என்று சொல்லிவிட்டு நான் உளியைத் துடைத்தேன்.

"மத்தவங்கள?" என்றார் அவர்.

யோசனை பிறந்தது இப்படித்தான். முன்பாதி என்னுடையது, பின்பாதி அவருடையது. அவரையும் கூப்பிட்டு விசாரிப்பீர்கள் என்று நம்புகிறேன். அவருக்கு மெத்தை போட்ட நாற்காலி கொடுங்கள், முதுகு வலி உள்ளவர்.

இரண்டு நாளில் வரைபட அறையில் கூட்டம் நடந்தது. பெரிய வரைபடத்தை இன்னும் ஒரு முழம் இறக்கி மாட்டச் சொல்லியிருந்தார்கள், அதனால் நான் சுத்தியலோடு மூலையில் இருந்தேன். ஆற்றங்கரைப் படையைத்தான் அழைத்து வர வேண்டும் என்றார் தளபதி. அவர்களுக்குச் சேற்றில் கிடந்து காலெல்லாம் அழுகிப்போய்விட்டது என்றார்.

"ஆத்தங்கரைப் பசங்க எப்படி இருப்பாங்க?" என்று தலைவர் கேட்டார்.

"ரொம்பச் சோர்ந்து போயிருக்காங்க தலைவரே."

"அது இல்லய்யா. பாக்க எப்படி இருப்பாங்க?"

தளபதி முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கினார். "நல்ல வாட்டசாட்டமா இருப்பாங்க" என்று சர்க்கரை வருத்தத்தோடு சொன்னார்.

தலைவர் ஜன்னலைப் பார்த்தார். "மலை மேல இருக்கிற பசங்க?"

"அவங்க சுரங்கத்துல வேலை பாத்தவங்க தலைவரே. பாறையைக் குடைஞ்சு பதுங்குகுழி வெட்டினதே அவங்கதான். எல்லாம் சின்னச் சின்ன…" தளபதி நிறுத்திக்கொண்டார்.

"கச்சிதமான ஆளுங்க" என்றார் சர்க்கரை.

"பாவம். அவங்களுக்கும் வீடு வாசல் இருக்குல்ல?" என்றார் தலைவர். அவர் கண் கலங்கியது. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், நடிப்பு இல்லை. அவர் மனசு அப்படி. காரணம் முதலில் வரும், கண்ணீர் பின்னாலேயே வந்து அந்தக் காரணத்தை மூடிவிடும். அதன்பிறகு அவருக்கே காரணம் நினைவிருக்காது.

அவர்களுக்குப் பதிலாக மலைக்கு யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்தது. தலைவர் வீட்டு வாயில்காப்புப் படை சும்மாதானே நிற்கிறது என்றார் சர்க்கரை. அந்தப் படைக்கு உயரம் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். பழைய ஆட்சியின் வழக்கம் அது. தலைவர் தினமும் காலையில் அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்து காருக்குப் போக வேண்டும். கிணற்றுக்குள் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். "மலை ரொம்ப முக்கியம் தலைவரே, அதைத் தெரிஞ்சவங்க கையில இருக்கணும்" என்று தளபதி சொல்லிப் பார்த்தார். "மலை எங்கயும் போயிடாதுய்யா" என்றார் தலைவர்.

என் மாப்பிள்ளை அந்த வாயில்காப்புப் படையில் இருந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் வந்து நின்றபோது நான் கேட்டது ஒன்றுதான். "அம்மாடி, நம்ம வீட்டு நிலை?" தலைவர் வீட்டு வாசல்களைத் தாழ்த்தியபோது மிஞ்சிய மரத்தில் கட்டிய வீடு எங்களுடையது. அதே அளவு. மாப்பிள்ளை முதல் மாதம் முழுக்க நெற்றியில் மருந்தோடு திரிந்தார். பிறகு பழகிக்கொண்டார். "மாமா, உங்க வீட்டுல ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் நுழைய வேண்டியிருக்கு" என்பார். கட்டிலில் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மகள் அதற்கு ஒரு முக்காலி போட்டு வைத்திருந்தாள். போர்வையை மேலே இழுத்தால் கால்விரல் தெரியும், கீழே இழுத்தால் நெஞ்சு தெரியும். "எனக்குன்னு இந்த உலகத்துல ஒண்ணும் தச்சு வைக்கல மாமா" என்று சிரிப்பார். நல்ல மனுஷர். அவரோடு பேசினால் எனக்குக் கழுத்து வலிக்கும், அவ்வளவுதான்.

உத்தரவு பிறந்த வாரத்திலேயே பொறியாளர் மேஜர் என் பட்டறைக்கு வந்தார். தளபதி அலுவலகத்தில் யாரும் அவருக்குக் காது கொடுக்கவில்லை போல. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டார். "இது குழி மேஸ்திரி. அந்தச் சின்ன ஆளுங்க தங்களுக்கு அளவா வெட்டியிருக்காங்க. இந்தப் பசங்க உள்ள நின்னா அரைச் சாண் வெளியில தெரியும்." தன் நெற்றியில் கையை வைத்துக் காட்டினார். புருவத்துக்கு மேலே இருப்பதெல்லாம்.

"ஆழப்படுத்தலாமே சார்."

"பாறை. மிஷின் வேணும். தலைவர் ரேடியோவுல என்ன சொன்னார் கேட்டீங்களா? இனிமே ஒரு மண்வெட்டிகூட மலை ஏறாதுன்னுட்டார்."

"மணல் மூட்டை அடுக்கினா?"

"எதுல ஏத்திட்டுப் போறது? மலையடிவாரத்துல பத்திரிகைக்காரங்க கூடாரம் போட்டு உக்காந்திருக்காங்க. லாரி இறங்குறதை மட்டும்தான் அவங்க பாக்கணுமாம். ஏறக் கூடாதாம். பசங்களே பின்பக்கப் பாதையில நடந்துதான் போகப்போறாங்க."

நான் யோசித்துச் சொன்னேன். "குனிஞ்சு நடக்கச் சொல்லுங்க சார்."

"எத்தனை மாசத்துக்கு?" என்றார் மேஜர்.

அவருக்கு ஏதாவது உதவ வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே தோன்றியது. அதனால் பலகைகளில் எழுதிக் கொடுத்தேன். வெள்ளை அடித்து, மேலே சிவப்பு எழுத்தில், 'தலை குனிந்து செல்லவும்'. ஆளுக்கு ஒன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம், லாரி தேவையில்லை. என் தொழிலில் ஒரு விதி உண்டு. எந்த அறிவிப்பும் கூட்டத்தின் தலைக்கு மேலே தெரிய வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு பலகைக்கும் நல்ல நீளமான கால் வைத்துவிட்டேன். அதைப் படிக்கத் தலையை நிமிர்த்த வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் தவறு என்று ஏதாவது குறித்துக்கொள்ள வேண்டுமானால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கவனக்குறைவு.

சர்க்கரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "மேஸ்திரி, உங்க மாப்பிள்ளையும் அதுல இருக்காராமே. ஒரு வார்த்தை சொல்லுங்க, நிறுத்திடறேன். வாசல்ல யாராச்சும் ஒருத்தர் வேணும்தானே."

நான் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை யோசித்தேன். உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். என் மாப்பிள்ளையை மட்டும் நிறுத்துங்கள் என்று கேட்டால், அங்கே போவது ஆபத்து என்று எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். தெரிந்தவன் மற்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். சொன்னால் விழா நின்றுபோகும். கேட்காவிட்டால் எனக்கு எதுவும் தெரியாது. அது எவ்வளவு நேர்மையான நிலை என்று யோசித்துப் பாருங்கள்.

"வேண்டாம் சார். எல்லார் வீட்டுப் பிள்ளையும்தானே போகுது" என்றேன்.

சர்க்கரை என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே தலைவரின் பேச்சில் அது வந்துவிட்டது. 'என் வீட்டுத் தச்சர்கூடத் தன் மகளின் கணவரைப் போர்முனைக்கு அனுப்புகிறார்.' கூட்டம் கைதட்டியது. எனக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கிளம்புவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டார். மகள் பரிமாறிக்கொண்டே கேட்டாள். "அப்பா, நீங்க பெரிய இடத்துலயே இருக்கீங்க. மலையில ஒண்ணும் பயம் இல்லையே?"

"குனிஞ்சு நடந்தா ஒண்ணும் ஆகாதும்மா."

"அப்ப நான் ஏற்கெனவே பாஸ் மாமா. கல்யாணம் ஆனதுலேருந்து அந்தப் பயிற்சிதானே" என்றார் மாப்பிள்ளை.

"வாயைக் கழுவுங்க. எல்லாத்துக்கும் ஒரு சிரிப்பு" என்று மகள் அவர் தோளில் அடித்தாள். உட்கார்ந்திருந்தால்தான் அவளுக்கு அவர் தோள் எட்டும்.

வாசலில் அவர் வழக்கம்போலக் குனிந்து வெளியே போனார். நான் பின்னாலேயே போய், "ஒரு தடவை நல்லா நிமிந்து நில்லுங்க மாப்பிள்ளை, பாத்துக்கறேன்" என்றேன். அவர் வெளிச்சுவரில் முதுகு ஒட்ட, அணிவகுப்பில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார். நான் சுவரில் அவர் தலைக்கு மேலே கையை ஊன்றி, அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாவுக்கு இவ்வளவு பாசமா என்று நினைத்திருப்பாள்.

விழா பிரமாதமாக நடந்தது. மலை வீரர்கள் வரிசையாக நின்றார்கள். தலைவர் வெறும் தரையில் நடந்தார். பலகை இல்லை, சக்கரம் இல்லை. ஒவ்வொருவரையும் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டார், கையைக் கீழே இறக்கி. என் வாழ்க்கையில் நான் எதுவுமே செய்யாமல் நின்ற ஒரே மேடை அதுதான். வரிசைக் கடைசியில் நின்ற வீரர் ஒருவர், நெற்றியில் கல்தூசி பச்சை குத்தினது மாதிரி பதிந்திருந்தது, என் சட்டையை இழுத்தார்.

"அண்ணே, எங்க குழியில இப்ப யாரு இருக்கா?"

"வாயில்காப்புப் படை."

"அந்த ஒட்டகச்சிவிங்கிங்களா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "விளையாடாதீங்கண்ணே. இரும்புத் தொப்பி போட்டா நாங்களே குனிவோம்."

"பலகை வச்சிருக்கோம்" என்றேன். அவர் என் சட்டையை விட்டுவிட்டார்.

முதல் இரண்டு நாள் எதிரி சுடவே இல்லை. பிற்பாடு பிடிபட்ட கைதிகள் சொன்னார்களாம். பாறைக்கு மேலே வரிசையாகத் தலைகள் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்து, தங்களைச் சுட வைக்கக் குச்சியில் பொம்மை செருகி ஆட்டுகிறார்கள் என்று நினைத்தார்களாம். எந்தப் படையும் இப்படி நடக்காது என்பது அவர்கள் தளபதியின் கருத்து. மூன்றாம் நாள் பொம்மை ஒன்று பலகைக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. அதன்பிறகு அவர்கள் சந்தேகப்படவில்லை.

தலைவர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். முடிவு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் மலையிலிருந்து பெட்டிகள் இறங்கின. அப்போது அடிவாரத்தில் பத்திரிகைக்காரர்கள் யாரும் இல்லை.

மாப்பிள்ளையை எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்தோம். வந்தவர்களெல்லாம் அழுதார்கள். என் மகள் மட்டும் அழவில்லை. பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து, உள்ளே கையைவிட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு தலைமாட்டுக்கு வந்து அங்கேயும் தடவினாள். எனக்கு அவள் என்ன தேடுகிறாள் என்று புரியவில்லை.

"கால் மடங்கல" என்றாள். "அவருக்கு அளவா இருக்கிற முதல் சாமான் இதுதாம்ப்பா."

"ஆமாம்மா" என்றேன். அந்த நேரத்திலும் அவள் என் வேலையைக் கவனித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவள் பெட்டியின் ஓரத்தை விரலால் தட்டினாள். தச்சன் மகள், காய்ந்த மரத்தின் சத்தம் அவளுக்குத் தெரியும். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எப்போப்பா அளவெடுத்தீங்க?"

இவ்வளவு நேரம் நீங்களும் அதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ராணுவத்தின் பெட்டி எல்லாம் ஒரே அளவு, சராசரி ஆளுக்குச் செய்தது. வாயில்காப்புப் படைக்கு மட்டும் இவ்வளவு நீளமான பெட்டிகள் எப்படித் தயாராக இருந்தன என்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன், இதில் மறைக்க எதுவும் இல்லை. சுவரில் கையை ஊன்றினேன் அல்லவா, அந்த இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டேன். அவர் தெருமுனை திரும்பியதும் அளந்துகொண்டேன். அந்தப் படையில் எல்லோரும் ஏறக்குறைய அதே உயரம். மறுநாளே மரம் அறுத்தேன். ஈரப் பலகையில் பெட்டி செய்தால் மூடி வளைந்து வாய் பிளந்துவிடும். நிழலில் அடுக்கிப் பொறுமையாகக் காய விட வேண்டும். அப்படிச் செய்ததால்தான் ஒரு பெட்டியிலும் யாருடைய காலையும் மடக்க வேண்டியிருக்கவில்லை. அதை மட்டும் என் மகளிடம் எடுத்துச் சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள்.

அங்கே ஆபத்து என்று எனக்குத் தெரியவே தெரியாது அம்மா. எல்லோரையும்போல நானும் மாப்பிள்ளை வீடு திரும்புவார் என்றுதான் காத்திருந்தேன். வரும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும் அல்லவா.